முட்டை பழசா, கெட்டதா? உடைக்கும் முன்னும் பின்னும் பார்க்க வேண்டியவை

முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார், மூழ்கினால் நல்லது, மிதந்தால் கெட்டது என்று பலரும் சொல்வார்கள். அது பாதிதான் சரி. தண்ணீர் காட்டுவது முட்டையின் வயதை மட்டும். முட்டை பழசாக இருப்பது ஒன்று, கெட்டுப்போயிருப்பது வேறு, உள்ளே நோய்க்கிருமி இருப்பது இன்னும் வேறு. இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் நல்ல முட்டை குப்பைக்குப் போகிறது, சில சமயம் கூமுட்டை வாணலிக்கு வருகிறது.

ஓட்டுக்குள் என்ன நடக்கிறது

கோழியின் உடல் சூடு சுமார் 41 டிகிரி செல்சியஸ். இட்ட முட்டை ஆறும்போது உள்ளே இருப்பது சுருங்கும், ஓடு சுருங்காது. அந்த இடைவெளியை நிரப்ப வெளிக்காற்று உள்ளே நுழைந்து, பெரும்பாலும் அகன்ற முனையில், ஓட்டை ஒட்டியுள்ள இரண்டு சவ்வுகளுக்கும் நடுவே தங்கிவிடும். இதுதான் காற்றறை. அவித்த முட்டையை உரித்ததும் அகன்ற முனையில் ஒரு பள்ளம் தெரிகிறதே, அது இந்த அறை இருந்த இடம்.

ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருக்கின்றன. அவற்றின் வழியே அன்றாடம் கொஞ்சம் நீர் ஆவியாகிறது, கூடவே கார்பன் டை ஆக்சைடும் வெளியேறுகிறது. நீர் போகப் போகக் காற்றறை பெரிதாகி முட்டை எடை குறையும். கார்பன் டை ஆக்சைடு போகப் போக வெள்ளைக்கருவின் காரத்தன்மை ஏறும். இட்டவுடன் 8-ஐ ஒட்டியிருக்கும் பி.எச். அளவு நாளடைவில் 9-ஐத் தாண்டிவிடும். அந்த மாற்றத்தில் கெட்டியான வெள்ளைக்கருவின் பிடிப்பு தளர்ந்து அது நீர்த்துப்போகிறது. வெள்ளையில் உள்ள நீர் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சள்கருவுக்குள் இறங்க, அதைச் சுற்றியுள்ள சவ்வு இழுபட்டு மெலிகிறது. மஞ்சள்கரு தட்டையாகிறது, தொட்டாலே உடைகிறது.

இதுவரை சொன்ன எதுவும் கெட்டுப்போதல் அல்ல, மூப்பு. கெடுவதற்குப் பாக்டீரியா உள்ளே போய்ப் பெருக வேண்டும். அது 3 வாரமான முட்டையிலும் நடக்காமல் இருக்கலாம், விரிசல் விட்ட 3 நாள் முட்டையிலேயே நடந்தும் இருக்கலாம்.

தண்ணீர்ச் சோதனை

12 முதல் 15 செ.மீ. ஆழமுள்ள பாத்திரத்தில், முட்டை நிமிர்ந்து நின்றாலும் மேலே நான்கைந்து விரல் நீர் நிற்கும் அளவுக்குச் சாதாரணத் தண்ணீர் ஊற்றுங்கள். உப்புப் போடக் கூடாது. உப்பு நீரின் அடர்த்தியைக் கூட்டிவிடும். போதிய உப்பு கரைந்திருந்தால் அன்றைக்கு இட்ட முட்டைகூட மிதக்கும். முட்டையைக் கரண்டியில் வைத்து அடிவரை இறக்கி விடுங்கள். மேலிருந்து போட்டால் அடியில் மோதிக் கீறல் விழும். ஓட்டில் ஒட்டிய குமிழிகளை விரலால் தடவி விட்டு, அசைவு நின்றதும் பாருங்கள்.

அடியில் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தால் புதிய முட்டை. அகன்ற முனை சற்றே மேலெழும்பிச் சாய்ந்து நின்றால் சில நாள் ஆனது, குறையொன்றும் இல்லை. கூர்முனை தரையைத் தொட நெட்டுக்குத்தாக நின்றால் பழசு. நன்றாக வேகவைக்கும் சமையலுக்கு மட்டும், அதுவும் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்த பிறகு. மேலே வந்து மிதந்தால் மிகப் பழசு.

மிதக்கிற முட்டை எவ்வளவு நீரை இழந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். புதிய முட்டையின் அடர்த்தி ஒரு மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 1.08 கிராம். 60 கிராம் முட்டையின் கொள்ளளவு 55 மில்லிக்குச் சற்று அதிகம். ஓடு சுருங்காததால் அந்தக் கொள்ளளவு அப்படியே இருக்கும். ஆக, மிதக்க வேண்டுமானால் எடை 55 கிராம் அளவுக்கு இறங்க வேண்டும். 5 கிராம் நீர், அதாவது ஒரு தேக்கரண்டி, போயிருக்க வேண்டும். அவ்வளவு ஆவியாக நாளாகும் என்பதால்தான் மிதப்பதை மூப்பின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறோம். மிதந்ததெல்லாம் அழுகியதல்ல. ஆனாலும் உடைத்துப் பார்க்கவோ, சந்தேகத்தோடு சமைக்கவோ மனமில்லை என்றால் மிதந்ததை எறிந்துவிடுவதில் தவறில்லை; ஒரு முட்டைக்காக வயிற்றைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

இந்தச் சோதனை பொய் சொல்லும் இடங்களும் உண்டு. வறண்ட, சூடான இடத்தில் வைத்த முட்டை வேகமாக நீர் இழந்து சில நாளிலேயே கிழவனாகிவிடும். மூடிய பெட்டியில் குளிர்பதனத்தில் இருந்தது ஒரு மாதம் கழித்தும் அடியில் கிடக்கலாம். எண்ணெய் பூசிப் பாதுகாத்த முட்டையின் துளைகள் அடைபட்டிருப்பதால் எடை மிக மெதுவாகவே குறையும். பழசான பிறகும் மூழ்கும். தடித்த ஓடுள்ள முட்டையும் கூடுதல் நாள் மூழ்கும். எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது விரிசல் விட்ட முட்டை. விரிசல் வழியே காற்று குமிழ் குமிழாக வெளியேறித் தண்ணீர் உள்ளே புகுந்துகொள்ளும், முட்டை சமர்த்தாக மூழ்கிக் கிடக்கும். தண்ணீரில் இறக்கியதும் ஒரே இடத்திலிருந்து தொடர்ந்து குமிழி வந்தால் அங்கே விரிசல் இருக்கிறது, முடிவை நம்ப வேண்டாம்.

இன்னொரு பெரிய தவறு, வாங்கி வந்த அத்தனை முட்டையையும் தண்ணீரில் சோதித்துவிட்டுத் திரும்ப எடுத்து வைப்பது. ஓட்டின் மேல் இயற்கையாக ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது. துளைகளை மூடி, கிருமியைத் தடுப்பது அதுதான். நனைத்துத் துடைத்தால் அது போய்விடும். தண்ணீர் முட்டையைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் உள்ளே இருப்பது சுருங்கி, ஓட்டின் மேலுள்ள அழுக்கு நீரைத் துளை வழியே உறிஞ்சிக்கொள்ளும். அன்றைக்குச் சமைக்கப் போவதை மட்டும் சோதியுங்கள். தண்ணீர் முட்டையைவிடச் சற்று வெதுவெதுப்பாக இருக்கட்டும்.

வெளிச்சத்தில் பார்ப்பது

நனைக்காமல் வயதைத் தெரிந்துகொள்ள இதுதான் சரியான வழி. முட்டைகளைத் தரம் பிரிப்பவர்கள் காலங்காலமாகச் செய்வதும் இதையே. இருட்டறையில் கைவிளக்கையோ போனின் விளக்கையோ எரியவிட்டு, நடுவில் 2.5 செ.மீ. அளவுக்குத் துளையிட்ட தடித்த அட்டையை அதன் மேல் வையுங்கள். துளையில் முட்டையின் அகன்ற முனை பொருந்த வேண்டும், பக்கவாட்டில் ஒளி கசியக் கூடாது. முட்டையை இலேசாகச் சாய்த்து, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள்.

அகன்ற முனையில் வெளிர்ந்து தெரிவது காற்றறை. அதன் விளிம்பைப் பென்சிலால் குறித்து, முனையிலிருந்து அந்தக் கோடு வரை உள்ள ஆழத்தை அளந்தால் வயது பிடிபடும். அமெரிக்கத் தர அளவுகளில் முதல் தரமான ஏஏ முட்டைக்கு இது சுமார் 3 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, அடுத்த தரமான ஏ முட்டைக்குச் சுமார் 5 மி.மீ. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஏ தர முட்டைக்கு 6 மி.மீ. வரை ஏற்கிறார்கள். வீட்டுக் கணக்குக்கு 6 மி.மீ. வரை கவலை வேண்டாம், 1 செ.மீ.யைத் தாண்டினால் நல்ல பழசு என்று வைத்துக்கொள்ளலாம்.

முட்டையைச் சட்டென்று திருப்பும்போது மஞ்சள்கருவின் நிழலையும் கவனியுங்கள். புதிய முட்டையில் கெட்டியான வெள்ளைக்கரு அதைப் பிடித்து வைத்திருப்பதால் நிழல் மங்கலாக, நடுவிலேயே, சோம்பலாக நகரும். பழையதில் நிழல் தெளிவாகத் தெரியும், ஓட்டை உரசிக்கொண்டு ஓடும். உள்ளே கருந்திட்டுகள் இருந்தாலோ, காற்றறை தவிர மற்றதெல்லாம் ஒளி புகாமல் கறுத்திருந்தாலோ உடைத்துப் பார்க்கும் வேலைகூட வேண்டாம். சிவப்பு வளையமோ நரம்பு போன்ற கோடுகளோ தெரிந்தால் கரு வளரத் தொடங்கிய முட்டை. அடைகாத்த கோழியின் அடியிலோ கடும் வெயிலிலோ கிடந்திருக்கும். சேவலோடு வளரும் கோழியின் முட்டையை அன்றாடம் எடுத்துக் குளிர்ச்சியில் வைத்துவிட்டால் கரு வளராது, தாராளமாகச் சாப்பிடலாம்.

காற்றறை ஒரே இடத்தில் நிற்காமல் குமிழி போல உள்ளே அலைந்தால் பயப்பட வேண்டாம். போக்குவரத்தில் குலுங்கிச் சவ்வு கிழிந்திருக்கும், அவ்வளவுதான். அடர்ந்த பழுப்பு ஓட்டிலும், புள்ளி நிறைந்த காடை முட்டையிலும் இந்த முறை சரிப்படாது. அவற்றை உடைத்துத்தான் பார்க்க வேண்டும்.

காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. களக் களக் என்று சத்தம் வந்தால் காற்றறை பெரிது, வெள்ளை நீர்த்துவிட்டது என்று ஊகிக்கலாம். குலுங்கிய புது முட்டையும் இதே சத்தம் போடும், சத்தமே போடாத முட்டை கெட்டும் இருக்கும். ஆட்டுவதால் நல்ல முட்டையின் வெள்ளை கலங்குவதுதான் மிச்சம்.

உடைத்த பின்

எந்தச் சோதனையில் தேறினாலும் முட்டையை நேராக மாவிலோ வாணலியிலோ உடைக்காதீர்கள். சிறிய கிண்ணத்தில் ஒவ்வொன்றாக உடைத்து, பார்த்து, முகர்ந்து, பிறகு சேருங்கள். பத்தாவதாக உடைத்த ஒன்று முந்தைய ஒன்பதையும் வீணாக்கும்போதுதான் இதன் அருமை தெரியும். கிண்ணம் எவர்சில்வரோ கண்ணாடியோ ஆக இருப்பது நல்லது. பிளாஸ்டிக்கில் அந்த நாற்றம் ஏறினால் லேசில் போகாது.

நாற்றம் வந்துவிட்டால் மூக்கின் தீர்ப்பே இறுதித் தீர்ப்பு. கெட்ட முட்டையில் பாக்டீரியா புரதத்தைச் சிதைக்கும்போது ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகிறது. மிகச் சிறிய அளவிலேயே மனித மூக்கு அதைக் கண்டுகொள்ளும், இதில் சந்தேகத்துக்கே இடமிருக்காது. நல்ல பச்சை முட்டைக்கு ஏறக்குறைய வாசனையே கிடையாது. வெங்காயம், மீன் போன்றவற்றின் வாடை மட்டும் வந்தால் அது பக்கத்தில் இருந்த பொருளிலிருந்து துளை வழியே ஏறியது, அழுகல் அல்ல. சளிபிடித்து மூக்கடைத்திருக்கும் நாளில் வேறொருவரை முகரச் சொல்லுங்கள்.

தட்டையான தட்டில் உடைத்தால் வயது கண்ணெதிரே விரியும். புதியதில் மஞ்சள்கரு குவிந்து உருண்டையாக நிற்கும், அதைச் சுற்றிக் கெட்டியான வெள்ளை மேடாக இருக்கும், வெளியே கொஞ்சம் நீர்த்த வெள்ளை. பழையதில் எல்லாம் தட்டையாகப் பரவி ஓடும். துல்லியமாக அளக்க வேண்டுமானால் அதற்கும் வழியுண்டு. 1937-இல் ரேமண்ட் ஹாஃப் என்பவர் கெட்டியான வெள்ளையின் உயரத்தையும் முட்டையின் எடையையும் சேர்த்து ஓர் அளவுகோல் வகுத்தார்; முட்டைத் தொழிலில் இன்றும் ஹாஃப் அலகுதான் புழங்குகிறது. 60 கிராம் முட்டையில் மஞ்சள்கருவுக்குச் சற்றுத் தள்ளிக் கெட்டி வெள்ளையின் உயரம் 5.4 மி.மீ. இருந்தால் 72 அலகு, உயர்ந்த தரம். 4 மி.மீ. அளவுக்கு இறங்கினால் 60. ஒரு பல்குச்சியை நட்டு ஈரம் ஏறிய உயரத்தை அளந்தாலே போதும். வயதான கோழியின் முட்டையில் முதல் நாளே வெள்ளை தளர்ந்திருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள், ஓடுகிற வெள்ளையெல்லாம் பழசல்ல.

நிறம் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். வெள்ளைக்கரு பால் போலக் கலங்கியிருந்தால் கெட்டது என்று எண்ணுவார்கள்; அது இன்னும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறாத, மிகப் புதிய முட்டை. மஞ்சள்கருவின் இருபுறமும் முறுக்கிய வெள்ளைத் திரி போல இருப்பது கருவும் அல்ல, புழுவும் அல்ல, மஞ்சள்கருவை நடுவில் நிறுத்தும் கயிறு. அது தடிப்பாகத் தெரிந்தால் முட்டை புதிது. சிறு இரத்தப் புள்ளி, கோழியின் உடலில் முட்டை உருவாகும்போது நுண்ணிய இரத்தக்குழாய் உடைந்ததால் வந்தது. கத்தி முனையால் எடுத்துவிட்டுச் சமைக்கலாம். மஞ்சள்கரு வெளிறியிருப்பதும் ஆரஞ்சாக இருப்பதும் கோழி தின்ற தீவனத்தைப் பொறுத்தது. அவித்த முட்டையில் மஞ்சள்கருவைச் சுற்றி வரும் பச்சைச் சாம்பல் வளையம், அதிக நேரம் கொதித்ததால் கந்தகமும் இரும்பும் சேர்ந்து உண்டானது, தின்னக் கெடுதல் இல்லை.

தயங்காமல் எறிய வேண்டியவை வேறு. வெள்ளைக்கரு இளஞ்சிவப்பாகவோ, பளபளக்கும் பச்சையாகவோ, எண்ணெய்ப் படலம் போல வானவில் மினுக்கத்தோடோ இருந்தால் சூடோமோனாஸ் வகைப் பாக்டீரியா வேலையைத் தொடங்கியிருக்கும். நாற்றம் இல்லாவிட்டாலும் வேண்டாம். உள்ளே கரும்புள்ளி, பூஞ்சை, கறுத்துக் கலங்கிய மஞ்சள்கரு எதைக் கண்டாலும் அப்படியே. உடைப்பதற்கு முன்பே ஓடு வழவழவென்று பிசுபிசுத்தாலோ மாவு போலப் பூஞ்சை படிந்திருந்தாலோ கிண்ணம் வரை போக வேண்டியதில்லை.

கண்ணுக்கும் மூக்குக்கும் அகப்படாதது

சால்மோனெல்லா கிருமி சில முட்டைகளில், ஓடு உருவாவதற்கு முன்பே, கோழியின் உடலுக்குள்ளேயே புகுந்துவிடும். அந்த முட்டை தண்ணீரில் அழகாக மூழ்கும், மஞ்சள்கரு உருண்டு நிற்கும், வாடையே இருக்காது. மேலே சொன்ன எந்தச் சோதனையும் இதைப் பிடிக்காது. வெள்ளையும் மஞ்சளும் இரண்டும் இறுகும்வரை வேகவைப்பதே காப்பு; முட்டை கலந்த உணவானால் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும். சின்னக் குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆஃப்பாயிலையும் பச்சை முட்டை சேர்த்த பண்டங்களையும் தவிர்க்க வேண்டும்.

வயதுக்கும் இதில் பங்கில்லாமல் இல்லை. புது முட்டையின் வெள்ளைக்கருவில் பாக்டீரியாவின் சுவரைச் சிதைக்கும் லைசோசைம் இருக்கிறது, பாக்டீரியாவுக்குத் தேவையான இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் புரதமும் இருக்கிறது. வெளியே சூட்டில் கிடந்து மஞ்சள்கருவின் சவ்வு மெலிந்ததும் அதன் சத்து கசியும், கிருமிக்குத் தீனி கிடைக்கும். அதனால்தான் தண்ணீரில் நெட்டுக்குத்தாக நின்றதை முழுக்க வேகவைக்கச் சொல்வது.

எத்தனை நாள்

பெட்டியில் அச்சிட்ட தேதியில் அடைத்த நாள் எது, இதற்குள் பயன்படுத்த உகந்தது எது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். சில நாடுகளின் பெட்டிகளில் அடைத்த நாள் 3 இலக்க எண்ணாக இருக்கும். அது ஆண்டின் எத்தனையாவது நாள் என்ற கணக்கு. 001 ஜனவரி 1, 032 பிப்ரவரி 1. உகந்த தேதி கடந்த மறுநாளே முட்டை கெட்டுவிடுவதில்லை. தொடர்ந்து 4 டிகிரியில் இருந்த முட்டை வாங்கியதிலிருந்து 3 முதல் 5 வாரம் தாங்கும். வெளியே வைத்த முட்டைக்கு இந்தக் கணக்கு செல்லாது. சூடான அறையில் ஒரு நாள், குளிர்பதனத்தில் ஏறக்குறைய ஒரு வாரத்துக்குச் சமம் என்று கொள்ளுங்கள்.

வைக்கும் இடம் உள்தட்டாக இருக்கட்டும். கதவில் முட்டைக்கென்று குழிகள் செய்து வைத்திருப்பது வசதிக்காகத்தான். திறக்கும்போதெல்லாம் சூடுபடுவதும் குலுங்குவதும் அங்கேதான். கூர்முனை கீழே இருக்கும்படி, வந்த பெட்டியிலேயே மூடி வையுங்கள். குளிரில் இருந்ததை வெளியே எடுத்தால் ஓடு வியர்க்கும், அந்த ஈரம் கிருமிக்கு வழி. 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடந்ததைத் திரும்ப உள்ளே வைக்காதீர்கள். வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் 1 மணி நேரம்தான். அழுக்கு ஒட்டியிருந்தால் உலர்ந்த துணியால் தேயுங்கள். கழுவியே ஆக வேண்டுமென்றால் உடைப்பதற்குச் சற்று முன், முட்டையைவிடச் சூடான தண்ணீரில்.

அவித்த முட்டை பச்சை முட்டையைவிடச் சீக்கிரம் கெடும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். கொதிநீரில் மேற்பூச்சு போய்விடுவதே காரணம். உரிக்காமல் குளிர்ச்சியில் ஒரு வாரம், அதற்கு மேல் வேண்டாம். பிரித்தெடுத்த வெள்ளைக்கரு மூடிய பாத்திரத்தில் 4 நாள். மஞ்சள்கரு உடையாமல் இருந்தால் மேலே தண்ணீர் ஊற்றி 2 நாள்.

வயதுக்கேற்ற வேலை

வெந்நீரில் உடைத்து ஊற்றி வேகவைக்க மிகப் புதியதே வேண்டும், வெள்ளை மஞ்சளைப் போர்த்திக்கொண்டு நிற்கும். வெள்ளை, மஞ்சள் பிரிக்கவும் புதியதே எளிது. அவித்து உரிக்க அது உதவாது, பி.எச். ஏறாத வெள்ளை உள்சவ்வோடு ஒட்டிக்கொண்டு, ஓட்டோடு பாதி முட்டையும் பிய்ந்து வரும். 7 முதல் 10 நாள் ஆனது வழுக்கிக்கொண்டு உரியும். வெள்ளையை நுரைக்க அடிக்கும்போது பழசு சீக்கிரம் பொங்கும், புதுசின் நுரை நெடுநேரம் நிற்கும். தேதியை ஒட்டியவை மிச்சமிருந்தால் ஆம்லெட்டுக்கோ பொடிமாசுக்கோ போகட்டும்.

எல்லாம் பார்த்தும் கிண்ணத்தில் ஒன்று நாறிவிட்டால் உறையில் ஊற்றி இறுக்கிக் கட்டி உடனே வெளியே போடுங்கள். கிண்ணத்தை முதலில் குளிர்ந்த நீரில் அலசுங்கள், வெந்நீர் முதலில் பட்டால் முட்டைப் புரதம் வெந்து பாத்திரத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு சோப்பும் வெந்நீரும். கையையும் மேடையையும் சேர்த்துக் கழுவிவிட்டு அடுத்த முட்டையை எடுங்கள்.